காற்றாலைக் கம்பெனியின் கணக்கைப் படித்தல்

சங்கரன்கோவில் வட்டாரத்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் பரிசீலனையை முடித்துக்கொண்டு நாம் எழுந்திருக்கும் தறுவாயில், தறி அங்கத்தினர் ஒருவர் தயங்கித் தயங்கி வந்து ஒரு தாளை நீட்டினார். நாற்பது ஆண்டுகளாகத் தறியில் அமர்ந்தவர். சிக்கன சேமிப்பை ஒரு மாதமும் தவறவிடாதவர். காற்றிலும் வெயிலிலும் மின்சாரம் எடுக்கும் இயந்திரங்களைச் செய்கிற ஒரு கம்பெனியின் பங்கைப் புகழ்ந்து அச்சிட்ட தாள் அது. கம்பெனியின் பெயர் இங்கே வேண்டா.

"ஐயா, இதிலே புகை இல்லை, கரி இல்லை. காத்துக்கு யாரும் விலை கேக்கப் போறதில்லை. நம்ம ஊரைச் சுத்தி எம்புட்டுக் காத்தாடி நிக்கிதுன்னு நீங்களே பாத்துட்டுத்தானே வாரீங்க. உலகத்துக்கு நல்லது செய்யுற தொழிலு. இதிலே போட்ட பணம் மோசம் போகுமா?" என்று கேட்டார். இளைய மகளின் திருமணத்துக்கென்று சேர்த்த தொகையில் பாதியை அதில் இடலாம் என்பது அவருடைய எண்ணம்.

பங்கை வாங்குங்கள் என்றோ வாங்காதீர்கள் என்றோ சொல்வது நம் உத்தியோகம் அன்று. சங்கத்தின் காப்பு நிதியை எங்கே இடவேண்டும் என்பதைச் சட்டமே சொல்லிவிடுகிறது. அங்கத்தினரின் சொந்தப் பணம் அவருடைய பொறுப்பு. ஆயினும் அவர் கேட்ட கேள்வி அலட்சியம் செய்யத்தக்கதன்று. சுற்றுப்புறத்துக்குக் கேடு செய்யாத புதுப் பொருளை ஆக்குகிற நிறுவனத்துக்கு அந்த நன்மை லாபமாகத் திரும்பி வருகிறதா? எந்த வழியில் வருகிறது, எந்த வழியில் ஒழுகிப் போகிறது? இதைப் பற்றி நமக்குத் தெரிந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டு அன்று மாலை அவரோடு பேசினோம். அதையே இங்குச் சற்று விரித்து எழுதுகிறோம்.

நாம் எடுத்துக்கொண்டது சுஸ்லான் கம்பெனியின் கதை. அது துணித்தொழிலிற் பிறந்த கம்பெனி என்பதால் நம் அங்கத்தினர்க்கு எளிதில் விளங்கும். துளசி தந்தி என்பவர் குஜராத்தில் செயற்கை இழை ஆலை நடத்தி வந்தவர். மின்கட்டணம் ஏறிக்கொண்டே போயிற்று. மின்சாரமும் ஒழுங்காக வரவில்லை. ஆலையின் செலவைக் கட்டுப்படுத்துவதற்காக அவர் இரண்டு காற்றாலைகளை வாங்கி நிறுத்தினார். இழை விற்று வரும் லாபத்தைவிடக் காற்றாலை செய்து விற்பதில் எதிர்காலம் இருக்கிறது என்று கண்டு, 1995-இல் தம் சகோதரர்களுடன் சுஸ்லானைத் தொடங்கினார்; சில ஆண்டுகளில் இழைத் தொழிலையே விட்டுவிட்டார். தொடக்கத்தில் ஜெர்மனியின் ஸூட்விண்ட் என்ற நிறுவனத்தின் தொழில்நுட்பத்தை வாங்கிப் பயன்படுத்தினர். அந்த ஜெர்மன் நிறுவனம் 1997-இல் நொடித்துப்போகவே, அதன் பொறியாளர் சிலரைத் தம்மிடமே சேர்த்துக்கொண்டு அந்நாட்டிலேயே ஆராய்ச்சி நிலையம் அமைத்தனர். தொழில்நுட்பம் கற்றுக்கொடுத்த நிறுவனம் முதலில் வீழ்ந்தது என்பதைப் படிப்பவர் மனத்தில் வைத்துக்கொள்க.

சுஸ்லானின் விற்பனை முறை புதுமையானது. நிலம் தேடுவது, காற்றை அளப்பது, அனுமதி பெறுவது, கோபுரம் நிறுத்துவது, மின்பாதையில் இணைப்பது, பிறகு பல ஆண்டுகள் பராமரிப்பது ஆகிய எல்லாவற்றையும் கம்பெனியே ஏற்றுக்கொண்டது. வாங்குகிறவர் பணம் கொடுத்தாற் போதும். கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கத்து நூற்பாலைகள் பல, தத்தம் ஆலைக்கு வெகு தூரத்தில் முப்பந்தலிலும் உடுமலையிலும் தென்காசிப் பக்கத்திலும் காற்றாலை வைத்துக்கொள்ள முடிந்தது இத்தகைய ஏற்பாடுகளால்தான்.

அந்த ஆலைகள் வாங்கியதற்கு மின்சாரம் மட்டுமே காரணமா என்றால், அன்று. இங்கேதான் கணக்கின் முதல் முடிச்சு இருக்கிறது.

வருமான வரிச் சட்டத்தில் காற்றாலைக்கு விரைந்த தேய்மானம் என்றொரு சலுகை இருந்தது. 2002-க்கு முன் இயந்திரத்தின் முழு விலையையும், அதன் பிறகு நூற்றுக்கு எண்பதையும், முதல் ஆண்டிலேயே தேய்மானமாக எழுதிக்கொள்ளலாம். ஓர் ஆலைக்கு ஓராண்டில் 5 கோடி ரூபாய் லாபம் என்று வைத்துக்கொள்வோம். அது 5 கோடிக்குக் காற்றாலை வாங்கிக் குறித்த காலத்துக்குள் ஓட்டிவிட்டால், 4 கோடியைத் தேய்மானமாகக் காட்டி, மீதி 1 கோடிக்கு மட்டும் அவ்வாண்டு வரி செலுத்தினாற் போதும். நூற்றுக்கு முப்பது வரி என்றால் 1 கோடியே 20 லட்சம் ரூபாய் அவ்வாண்டு கையில் தங்கும். வரி ஒழிந்துவிடவில்லை, பின் ஆண்டுகளுக்குத் தள்ளிப்போயிற்று. ஆனால் வட்டி கொடுத்துக் கடன் வாங்குகிறவனுக்குத் தள்ளிப்போன வரியும் ஒரு மூலதனமே.

ஆகவே வாங்கியவர்களுள் ஒரு பகுதியினர் காற்றுக்காக வாங்கினர். மற்றொரு பகுதியினர் வரிக்காக வாங்கினர். இதை நெசவாளர் சங்கத்தாருக்கு நாம் அதிகம் விளக்கத் தேவையில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ரிபேட் அறிவித்தவுடன் நம் விற்பனை நிலையங்களில் கூட்டம் நெரிகிறது. ரிபேட் முடிந்த மறுவாரம் அதே அலமாரி, அதே சேலை, வாங்குவார் இல்லை. ரிபேட் காலத்து விற்பனையைப் பன்னிரண்டால் பெருக்கி ஆண்டுத் திட்டம் போட்ட சங்கங்கள் என்ன ஆயின என்பதை நாம் பரிசீலனைக் குறிப்புகளில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம்.

சுஸ்லானுக்கும் அதுவே நேர்ந்தது. 2012 ஏப்ரலில் விரைந்த தேய்மானச் சலுகையை அரசு விலக்கிக்கொண்டது. உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 காசு கொடுத்துவந்த ஊக்கத்தொகையும் அவ்வாண்டு மார்ச்சோடு காலாவதியாயிற்று. 2011–12-இல் இந்நாட்டில் புதிதாக நிறுவப்பட்ட காற்றாலைகளின் திறன் ஏறக்குறைய 3,200 மெகாவாட். அடுத்த ஆண்டில் அது 1,700 மெகாவாட் அளவுக்கு இறங்கிவிட்டது. காற்று குறையவில்லை. இயந்திரம் கெட்டுப்போகவில்லை. சட்டப் புத்தகத்தில் ஒரு வரி மாறிற்று, விற்பனை பாதியாயிற்று. பின்னர் 2013-இல் ஊக்கத்தொகையும் 2014-இல் தேய்மானச் சலுகையும் மீண்டும் வந்தன என்பது உண்மையே. ஆனால் இடையில் நின்றுபோன தொழிற்சாலைக்கும் அதன் கடனுக்கும் வட்டி நிற்கவில்லை.

இனி இரண்டாவது முடிச்சு. அது புதுப் பொருள் ஆக்குவதைப் பற்றியது. நம் பார்வையில் இதுவே முக்கியமானது.

காற்றாலை ஆண்டுதோறும் பெரிதாகிக்கொண்டே வரும் பொருள். சுஸ்லான் 350 கிலோவாட் இயந்திரத்திலிருந்து 1,250 கிலோவாட்டுக்கும், 1,500-க்கும், பிறகு 2,100-க்கும் சென்றது. இப்போது 3,000 கிலோவாட் வகை இயந்திரங்களை விற்கிறது. இறக்கை நீண்டால் அது வளைக்கும் வட்டத்தின் பரப்பு நீளத்தின் வர்க்கமாகப் பெருகுகிறது. நீளம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்கு. மெல்லிய காற்றிலும் மின்சாரம் எடுக்கலாம். யூனிட்டுக்கு ஆகும் செலவு குறைகிறது. வாங்குகிறவர்க்கு இது பேரனுகூலம். செய்கிறவர்க்கோ, ஒவ்வொரு புது வகைக்கும் அச்சு, வார்ப்பு, சோதனைக் கோபுரம், சான்றிதழ் என்று பெருந்தொகை முன்னதாகவே செலவாகிறது. அந்தச் செலவு விற்பனையில் திரும்பி வருமுன்னரே போட்டியாளன் அடுத்த வகையைக் கொண்டுவந்து விடுகிறான். பழைய வகையைக் கேட்பார் இல்லை.

இதைவிடக் கொடிய செலவு ஒன்றுண்டு. அது விற்ற பிறகு வருவது. புதுப்பாவு ஓட்டிய தறியில் குறை இருந்தால் நமக்கு ஒரு முழத்திலேயே தெரிந்துவிடும். பாவை அவிழ்த்துச் சரிசெய்து கொள்ளலாம். காற்றாலையின் குறை மூன்று மழைக்காலமும் மூன்று கோடையும் கண்ட பிறகே வெளிப்படும். அதற்குள் அதே அச்சில் வார்த்த நூற்றுக்கணக்கான இறக்கைகள் உலகெங்கும் சுழன்றுகொண்டிருக்கும். சுஸ்லானின் 2,100 கிலோவாட் இயந்திரங்கள் அமெரிக்காவில் நிறுவப்பட்டபோது இறக்கைகளில் வெடிப்புக் கண்டது. 2008-இல் 1,251 இறக்கைகளை வலுப்படுத்தித் தருவதாகக் கம்பெனி அறிவித்தது. செப்பனிடும் செலவை ஒருவாறு தாங்கியிருக்கலாம். ஆனால் பெரிய அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவர் எஞ்சிய இயந்திரங்களுக்கான ஆணையைத் தொடராமல் நிறுத்திக்கொண்டார். கெட்ட பெயருக்கு ஐந்தொகையில் தனி இனம் கிடையாது. அது அடுத்த ஆண்டின் விற்பனையில் தானே வந்து நிற்கும்.

இது ஒரு கம்பெனியின் கவனக்குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. ஜெர்மனியின் சீமென்ஸ் எனர்ஜி எத்தகைய பெரிய நிறுவனம்! அதன் காற்றாலைக் கிளையான சீமென்ஸ் கமேசா புதிதாகக் கொண்டுவந்த இரு பெரிய வகை இயந்திரங்களில் குறைகள் தென்பட்டன. அவற்றைச் சரிசெய்ய ஒதுக்கவேண்டிய தொகையும் சேர்ந்து, 2023 செப்டம்பரில் முடிந்த கணக்காண்டில் தாய்க் கம்பெனிக்கு ஏறக்குறைய 460 கோடி யூரோ நஷ்டம் ஏற்பட்டது. புது ஆணைகளை ஏற்பதற்கு வங்கிகள் கேட்ட உத்தரவாதத்தில் 750 கோடி யூரோவுக்கு அந்நாட்டு அரசே பொறுப்பு நிற்க வேண்டியதாயிற்று. ஆணைப் புத்தகம் அப்போதும் நிரம்பி வழிந்துகொண்டுதான் இருந்தது என்பது விசேஷம். ஆணை மிகுந்தால் லாபம் மிகும் என்று நினைப்பவர்கள் இதைச் சற்றே யோசிக்கவேண்டும்.

ஆகவேதான், இத்தகைய கம்பெனியின் அறிக்கையைக் கையில் எடுத்தால் நாம் முதலில் விற்பனைத் தொகையைப் பார்ப்பதில்லை. உத்தரவாதச் செலவுக்காக எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பார்க்கிறோம். விற்பனை இரட்டித்தும் அந்த ஒதுக்கீடு ஏறவில்லையானால், ஒன்று இயந்திரம் மிக நன்றாக இருக்கவேண்டும். அல்லது செலவு பின்னால் வருகிறது என்று கொள்ளவேண்டும். அடுத்தபடி, புதுப்பொருள் ஆக்கச் செலவை அவ்வாண்டுச் செலவாக எழுதியிருக்கிறார்களா, சொத்தாக எழுதியிருக்கிறார்களா என்பது. ஆராய்ச்சிக் கட்டத்துச் செலவை அவ்வாண்டிலேயே எழுதிவிட வேண்டும். ஆக்கக் கட்டத்துச் செலவைச் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டுச் சொத்தாக வைத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு விதி. இரண்டும் முறையானவையே. ஆனால் சொத்தாக எழுதிய புது வகை இயந்திரம் விலைபோகாவிட்டால், அந்தச் சொத்து ஒரே நாளில் நஷ்டமாக மாறிவிடும். விற்பனையாகாத பழைய ரகச் சேலைகளை அடக்கவிலையிலேயே இருப்புக் காட்டிவரும் சங்கங்களை நாம் பார்த்ததில்லையா?

மூன்றாவது முடிச்சு கடன். இதைச் சுருக்கமாகச் சொல்ல முடியவில்லை. ஏனெனில் சுஸ்லானை வீழ்த்தியது பெரும்பாலும் இதுதான்.

2005-இல் சுஸ்லான் பொதுமக்களுக்குப் பங்கு விற்றது. காற்றாலைக்கு உலகெங்கும் கிராக்கி. பங்கை வாங்கப் போட்டி. அந்த உற்சாகத்தில் 2006-இல் பெல்ஜியத்தின் ஹான்ஸன் என்ற கியர் பெட்டி நிறுவனத்தை 46 கோடியே 50 லட்சம் யூரோ கொடுத்து வாங்கிற்று. 2007-இல் ஜெர்மனியின் ரீபவர் என்ற காற்றாலை நிறுவனத்துக்காக பிரான்ஸின் அரேவா கம்பெனியோடு ஏலம் போட்டு, பங்கொன்று 150 யூரோ விலைக்கு வென்றது. ரீபவரின் மொத்த மதிப்பு அவ்விலையில் 130 கோடி யூரோவை எட்டிற்று. காரணம் நியாயமானதே. கடலுக்குள் நிறுத்தும் பெரிய இயந்திரத்தின் நுட்பம் ரீபவரிடம் இருந்தது. அதைத் தானே உருவாக்கப் பல ஆண்டு ஆகும். வாங்கினால் உடனே கிடைக்கும்.

ஆனால் பணம் கடனாக வாங்கிய பணம். ஜெர்மன் சட்டப்படி, சிறுபான்மைப் பங்குதாரர் இருக்கும்வரை பெரும்பான்மைப் பங்குதாரர் அந்நிறுவனத்தின் பணத்தையும் நுட்பத்தையும் தம் விருப்பம்போல் எடுத்துக்கொள்ள முடியாது. சுஸ்லானுக்கு ரீபவரின் பங்குகள் முழுவதும் கைக்கு வந்தது 2011-இல்தான். அதுவரை கடனும் வட்டியும் இந்தியாவில். பணமும் நுட்பமும் ஜெர்மனியில். ஒரு பையில் காசு இருக்க மறுபையால் வட்டி கட்டுவது போன்ற நிலை. இதற்கிடையே 2008-இல் உலக நாடுகளில் பணமுடை வந்தது, வாடிக்கையாளர்களுக்கு வங்கிகள் கடன் தரவில்லை, ஆணைகள் குறைந்தன. உள்நாட்டில் 2012-இல் நேர்ந்ததை மேலே சொன்னோம். எல்லாம் ஒருங்கே வந்து சேர்ந்தன.

2012 அக்டோபரில், பங்காக மாற்றத்தக்க அந்நியச் செலாவணிக் கடன்பத்திரங்களுக்குரிய 20 கோடியே 90 லட்சம் டாலரைச் செலுத்தச் சுஸ்லானால் முடியவில்லை. இந்தியக் கம்பெனி ஒன்று அவ்வகைப் பத்திரத்தில் அதுவரை அவ்வளவு பெருந்தொகை தவறியதில்லை. 2013 ஜனவரியில் வங்கிகள் கூடி ஏறக்குறைய 9,500 கோடி ரூபாய்க் கடனைத் திருத்தியமைத்தன. 2012–13-ஆம் ஆண்டு நஷ்டம் 4,724 கோடி ரூபாய். ஆசையோடு வாங்கிய ஹான்ஸனைக் கைவிட்டாயிற்று. சென்வியன் என்று பெயர் மாற்றப்பட்டிருந்த ரீபவரையும் 2015-இல் 100 கோடி யூரோ அளவுக்கு விற்றுக் கடனை அடைத்தது. வாங்கியவர்களும் வாழவில்லை. 2019-இல் சென்வியன் ஜெர்மனியில் நொடிப்பு மனுத் தாக்கல் செய்தது.

இவ்வளவு காலமும் சுஸ்லானின் காற்றாலைகள் முப்பந்தலிலும் மற்ற இடங்களிலும் சுழன்றுகொண்டுதான் இருந்தன. வாங்கிய ஆலைகளின் மின்கட்டணம் குறைந்துகொண்டுதான் இருந்தது. நிலக்கரி எரியாமல் மிஞ்சியது. பொருள் தன் தருமத்தைச் செய்தது. செய்தவன் கணக்கு சிவப்பு மையில் இருந்தது. பசுமைப் பொருளின் லாபம் முதலில் போய்ச் சேருமிடம் அதை உபயோகிப்பவனின் வீடு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

2017-இல் நிலைமை இன்னும் இறுகிற்று. அதுவரை மாநில மின்வாரியங்கள் காற்றாலை மின்சாரத்துக்கு ஆணையம் விதித்த நிலையான விலை கொடுத்து வந்தன. தமிழ்நாட்டில் அது யூனிட்டுக்கு 4 ரூபாய் 16 காசு. 2017 பிப்ரவரியில் மைய அரசின் சூரிய சக்திக் கழகம் ஏல முறையைக் கொணர்ந்தது. விலை 3 ரூபாய் 46 காசுக்கு வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் குஜராத்தில் நடந்த ஏலத்தில் 2 ரூபாய் 43 காசுக்கு வீழ்ந்தது. 2,100 கிலோவாட் இயந்திரம் ஒன்று, காற்றின் போக்குவரத்தைக் கழித்து, திறனில் நாலில் ஒரு பங்கு ஓடுவதாகக் கொண்டால் ஆண்டுக்குச் சுமார் 46 லட்சம் யூனிட் தரும். யூனிட்டுக்கு 70 காசு குறைந்தாலே ஆண்டு வருமானத்தில் 32 லட்சம் ரூபாய் குறையும். மின்சாரம் விற்பவர் இந்தக் குறைவைத் தம் தலையில் போட்டுக்கொள்வாரா? இயந்திரம் செய்பவரிடம் விலையைக் குறை என்பார். விலை குறைவாக எடுத்த ஏலங்கள் பல நிறைவேறாமலும் போயின. 2016–17-இல் நாட்டில் 5,500 மெகாவாட் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு 1,800 மெகாவாட்டுக்கும் குறைவு.

மின்சாரம் மலிந்தது நாட்டுக்கு நன்மையே. அதில் நமக்குச் சந்தேகமில்லை. அந்த மலிவு யாருடைய பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையே சொல்கிறோம்.

வெயிலில் மின்சாரம் எடுக்கும் பலகைகளின் கதையும் இதே. 2024-இல் உலகம் ஏறக்குறைய 6 லட்சம் மெகாவாட் அளவுக்குச் சூரியப் பலகைகளை நிறுவிற்று; அதற்கு முன் எந்த ஆண்டிலும் அவ்வளவு நிறுவியதில்லை. அதே ஆண்டில் சீனாவின் லோஞ்சி நிறுவனத்துக்கு 860 கோடி யுவானும், டோங்வெய் நிறுவனத்துக்கு 700 கோடி யுவானும் நஷ்டம். ஆண்டுக்கு 10 லட்சம் மெகாவாட்டுக்கும் மேல் செய்யத்தக்க தொழிற்சாலைகளைக் கட்டி வைத்துவிட்டார்கள். வாங்குவோரோ அதில் முக்கால் பங்குக்கும் குறைவு. ஒரே ரகச் சரக்கை எல்லோரும் குவித்தால் என்னாகும் என்பதைத் தக்காளி பயிரிட்ட அங்கத்தினர் எவரும் சொல்வர்.

அப்படியானால் இத்தொழிலில் லாபமே இல்லையா என்று அண்ணாச்சி இடைமறித்துக் கேட்டார். உண்டு. சுஸ்லானே மீண்டது. எப்படி மீண்டது என்பதையும் சொன்னாற்றான் கணக்கு முழுமையாகும்.

புது இயந்திரங்களின் விற்பனை வற்றியிருந்த ஆண்டுகளிலும் ஒரு வருமானம் வற்றவில்லை. இந்நாட்டில் அக்கம்பெனி நிறுவிய காற்றாலைகள் ஏறக்குறைய 15,000 மெகாவாட். அவற்றைப் பராமரிப்பதற்கான கட்டணம் ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்தது. எண்ணெய் மாற்றுவதும், கியர் பெட்டியைச் சோதிப்பதும், இறக்கையைத் துடைப்பதுமான அந்தச் சாதாரண வேலைதான் கம்பெனியின் மூச்சை நிறுத்தாமல் வைத்தது. பத்திரிகைகள் இதைப் பெரிதாக எழுதுவதில்லை. நாம் இதை மிகப் பெரிதாக மதிக்கிறோம்.

பிறகு கடன் குறைந்தது. 2020-இல் வங்கிகள் மீண்டும் கடனைத் திருத்தியமைத்தன. 2022 அக்டோபரில் பழைய பங்குதாரர்களிடமே பங்கொன்று 5 ரூபாய் வீதம் 1,200 கோடி ரூபாய் திரட்டப்பட்டது. அந்த வெளியீடு தொடங்கும் தருணத்தில், அக்டோபர் முதல் தேதியன்று, துளசி தந்தி காலமானார். அடுத்த ஆண்டு மேலும் 2,000 கோடி ரூபாய்ப் பங்கு மூலதனம் வந்தது. கடன் பெரும்பாலும் அடைந்தது. மெல்லிய காற்றுக்கென வடிவமைத்த, 144 மீட்டர் விட்டமுள்ள புது இயந்திரத்துக்கு ஆணைகள் குவிந்தன. 2024 செப்டம்பரில் என்.டி.பி.சி.யின் பசுமைக் கிளையிடமிருந்து 1,166 மெகாவாட்டுக்கு ஓர் ஆணை கிடைத்தது. புதுப்பொருள் ஆக்கம் அப்போது பலன் தந்தது. அதே வகை முயற்சி 2008-இல் பலன் தராமல் இப்போது தந்ததற்குக் காரணம், இம்முறை அது கடனின் முதுகில் ஏறி வரவில்லை என்பதே நம் துணிபு.

லாபத் தொகையைப் படிப்பதிலும் எச்சரிக்கை தேவை. 2022–23-இல் சுஸ்லானின் லாபம் 2,887 கோடி ரூபாய். 2023–24-இல் 660 கோடி ரூபாய். மேலோட்டமாகப் பார்ப்பவர் தொழில் சரிந்துவிட்டது என்பர். உண்மை அதற்கு நேர்மாறு. முதல் ஆண்டு லாபத்தில் 2,700 கோடிக்கு மேற்பட்டது, கடன் திருத்தத்தால் ஒரேமுறை ஏற்பட்ட வரவு. காற்றாலை விற்று வந்ததன்று. இரண்டாம் ஆண்டின் 660 கோடியே உழைத்துச் சம்பாதித்த தொகை. 2024–25-இல் காட்டிய 2,072 கோடியிலும் ஏறக்குறைய 600 கோடி, பழைய நஷ்டங்களால் இனி வரப்போகும் வரிச்சலுகையை முன்கூட்டியே வரவு வைத்தது. விதிப்படி சரியே. ஆயினும் கையில் வந்த காசு அன்று. சங்கத்துக்கு வரவேண்டிய ரிபேட் பாக்கியை வரவு வைத்துவிட்டு, கூலி கொடுக்கப் பணமின்றி நிற்கிற நிலையை அறிந்தவர்க்கு இந்த வேறுபாடு விளங்காமற் போகாது.

இவ்வளவும் பேசி முடிக்கையில் விளக்கு வைத்தாயிற்று. அண்ணாச்சி தம் அச்சுத்தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பங்கு வாங்கப்போகிறாரா என்று நாம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையை அவர் பேரன் கைபேசியில் எடுத்து வைத்திருந்தான். இருநூறு பக்கத்துக்கு மேல். அதைத் திறந்து நம் முன் நீட்டி, "அந்த உத்தரவாதச் செலவுன்னு சொன்னீங்களே, அது எந்தப் பக்கத்திலே இருக்கும்?" என்று கேட்டார். கணக்குக் குறிப்புகளில் ஒதுக்கீடுகள் என்ற தலைப்பைத் தேடி எடுத்துக் காட்டினோம். மூன்றாண்டுத் தொகைகளையும் ஒரு சீட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டு, அவற்றின் பக்கத்தில் விற்பனைத் தொகைகளையும் எழுதச் சொன்னார் பேரனிடம்.